தலை குனியாத ஓணானும் சாட்சிக் குவியலும்

அந்தக் காலத்தில், மனிதன் கேள்வி கேட்டால் மிருகங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஓணானின் கழுத்து இப்போது இருப்பதைப் போல இல்லை. அடித்து வைத்த முளைக்குச்சி மாதிரி நிமிர்ந்தே இருக்கும். மேலே போகாது, கீழே வராது. தொண்டையும் புடைத்திருக்காது; வழவழவென்று அழகாக இருக்கும். அதற்குள்ளிருந்து வரும் குரலோ, வழியில் போகிறவர்கள் நின்று கேட்கும்படியான குரல். ஒரு ஓணானுக்கு இவ்வளவு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

தமஸ்கு நகரத்துக்கும் கீலேயாத் நாட்டுக்கும் நடுவில் ஒரு மலைமேடு உண்டு. அங்கே ஹர்தோன் என்றொரு ஓணான் இருந்தான். சரியான பெருமைக்காரன். தமஸ்கு ராஜாவின் தேர்கள் அந்த வழியாக உருண்டு போகும்போது முயல் பதுங்கும், கவுதாரி புதருக்குள் ஓடும், கழுதைகூடக் காதை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கும். ஹர்தோன் மட்டும் பாறை மேல் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்தி ராஜாவை நேருக்கு நேர் பார்ப்பான். அப்படியொரு ஓணான் அங்கே இருப்பதே ராஜாவுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். நான் குனியவில்லை என்று சொல்லிக்கொள்வதில் ஹர்தோனுக்கு அவ்வளவு திருப்தி.

அந்த மேட்டின் வடக்குச் சரிவில் தமஸ்கு ராஜாவின் குடிகளான அரமேயர்கள் ஆடு மேய்த்தார்கள். தெற்குச் சரிவில் இஸ்ரவேலர்கள் கோதுமை விதைத்தார்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அந்நியர்களா என்றால், இல்லவே இல்லை. பங்காளிகள். இஸ்ரவேலன் அறுவடையின் முதல் கூடையைத் தன் கடவுளுக்குக் கொண்டு போகும்போது, எங்கள் குலத்துப் பெரியவர் ஊர் ஊராக அலைந்த ஒரு அரமேயர் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கூடையைக் கீழே இறக்குவான். வீட்டுக்கு வந்து, அதே வாயால் வடக்கே இருக்கிற அரமேயனைத் திட்டுவான். அரமேயனும் லேசுப்பட்டவன் இல்லை. பெண் கொடுக்கும்போது தெற்கத்தி மாப்பிள்ளை மாதிரி உண்டா என்பான், தண்ணீர் பங்கு போடும்போது தெற்கத்தியானை நம்பவே கூடாது என்பான். இரண்டு பக்கத்துப் பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் திட்டுவது எல்லாம் நன்றாகவே புரிந்தது. பங்காளிச் சண்டையில் அதுதான் தொல்லை.

சண்டைக்குக் காரணம் மேட்டின் உச்சியில் இருந்த ஒரு ஊற்று. கோடையிலும் வற்றாத ஊற்று. அதற்காக இரண்டு பக்கத்திலும் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு வருஷம் இரண்டு ஊரும் சலித்துப் போயின. வடக்கிலிருந்து கஹாம் என்ற பெரியவரும், தெற்கிலிருந்து யாசூப் என்ற பெரியவரும் ஆட்களோடு மேலே ஏறி வந்தார்கள். வந்த ஒவ்வொருவனும் தன் நிலத்திலிருந்து ஒரு கல் கொண்டு வந்தான். வடக்கத்தி மண்ணில் கறுப்புக் கல், தெற்கத்தி மண்ணில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். ஊற்றின் பக்கத்தில் கறுப்பும் வெளுப்பும் கலந்து ஒரு பெரிய குவியல் எழுந்தது.

குவியலின் மேலேயே உட்கார்ந்து அவர்கள் ரொட்டியும் உப்பும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டார்கள். அதன் பிறகு பேச்சு முடிவானது. வாள் எடுத்துக்கொண்டு வடக்கத்தியான் தெற்கே தாண்டக் கூடாது, தெற்கத்தியான் வடக்கே தாண்டக் கூடாது. தாகத்துக்குத் தாண்டலாம், பசிக்குத் தாண்டலாம், பெண் எடுக்கத் தாண்டலாம். ஊற்று இருவருக்கும் பொது.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, சாட்சி யார் என்ற இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. எங்கள் தெய்வம் சாட்சி என்றார் கஹாம். உங்கள் தெய்வத்தை நாங்கள் ஒத்துக்கொள்வதாக இல்லை, எங்கள் கடவுள் சாட்சி என்றார் யாசூப். அதை வடக்கத்தியார் ஏற்கவில்லை. சாப்பிட்ட ரொட்டி செரிப்பதற்குள் மறுபடியும் கைகலப்பு வரும் போலிருந்தது. அப்புறம் யாரோ ஒருவன், தெய்வங்களை விட்டுவிடுவோம், ஏதாவது ஒரு மிருகத்தைச் சாட்சியாக வைப்போம் என்றான்.

கழுகைக் கேட்டார்கள். கோடையில் நான் லெபனோன் மலைக்குப் போய்விடுவேன் என்றது. நரி தானாகவே முன்வந்தது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டகம் அரமேயர்களின் சொத்து, கழுதை இஸ்ரவேலர்களின் சொத்து. அப்போதுதான் குவியலின் உச்சியில், புதிதாகக் கிடைத்த சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பது போல ஒரு ஓணான் உட்கார்ந்திருப்பதை இரண்டு கிழவர்களும் கவனித்தார்கள்.

"நீ யாரோட ஆளு?" என்று கேட்டார் கஹாம்.

"கல்லோட ஆளு" என்றான் ஹர்தோன்.

"பொய் சொல்லுவியா?" என்றார் யாசூப்.

"பயந்தவன்தான் பொய் சொல்லுவான். எனக்கு யார்கிட்டயும் பயம் இல்லை."

கிழவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஒரே எண்ணத்தோடு சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு ஊற்றின் அடியிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தார்கள். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. கஹாம் அதைத் தன் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்தார். ஈரம் காய்வதற்குள் யாசூப் அதை வாங்கித் தன் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அதே சத்தியத்தைச் செய்தார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. நாக்குக்கு அடியில் இருந்த கல்லுக்குள் சொன்ன சொல் தங்கிவிடும் என்பார்கள். அந்தக் கல்லைக் குவியலின் நடுவில் பத்திரமாக வைத்தார்கள். இந்தக் கல் இந்தக் குவியலில் இருக்கும்வரை சத்தியம் உயிரோடு இருக்கும், கல் போனால் சத்தியமும் போய்விடும் என்று ஹர்தோனிடம் சொன்னார்கள். இந்த வழியாகப் போகிறவர் வருகிறவர் எல்லாரும் குவியல் மேல் ஒரு கல் எறிந்துவிட்டுத்தான் போவார்கள், நீ அதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஹர்தோன் சரி என்றான்.

அன்றிலிருந்து யார் கல் எறிந்தாலும், உச்சியிலிருந்து அந்த அழகான குரல் வரும்: "பார்த்தேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே சிலர் வேண்டுமென்று சுற்றி வந்து கல் எறிந்துவிட்டுப் போனார்கள்.

கஹாமும் யாசூப்பும் காலமானார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடந்தது. கஹாமின் பேத்தி ரேயுமாவை யாசூப்பின் பேரன் ஓதேத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணக் கூட்டம் மேட்டில் ஏறி வந்து நின்றபோது மணப்பெண் முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி ஒரு கறுப்புக் கல்லை எறிந்தாள்.

"பார்த்தேன்" என்றான் ஹர்தோன்.

"என்னத்தைப் பார்த்தீங்க, சாட்சிக்காரரே?" என்று கேட்டாள் ரேயுமா. அவனிடம் அப்படித் திருப்பிக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை.

"வடக்கத்திப் பொண்ணு ஒருத்தி தெற்கே போறதைப் பார்த்தேன்."

"அழுதுக்கிட்டே போறதையும் பார்த்தீங்களா?"

"அதையும் பார்த்தேன்."

"அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"கேட்டா சொல்லுவேன்" என்றான் ஹர்தோன். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு அவள் தினமும் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருவாள். வடக்கே அம்மா எப்படி இருக்கிறாள், தங்கைக்குக் குழந்தை பிறந்ததா என்றெல்லாம் ஹர்தோனிடம்தான் கேட்பாள். ஹர்தோன் மேட்டிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்வான், பார்க்காததைச் சொல்ல மாட்டான். சில நாள் அவள் முந்தானையில் முடிந்து ஒரு அத்திப்பழம் கொண்டுவந்து குவியல் மேல் வைத்துவிட்டுப் போவாள். ஓணான் அத்திப்பழம் தின்னாது. ஆனால் பழத்துக்கு வரும் எறும்புகளைத் தின்னும், அது அவளுக்குத் தெரியும். இப்படி ஒருவர் தன்னை நினைத்துப் பார்ப்பது ஹர்தோனுக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் தமஸ்குவில் ஒரு புது ராஜா பட்டத்துக்கு வந்தான். புது ராஜாக்களுக்கு இருக்கும் அவசரம் இவனுக்கும் இருந்தது. தெற்கத்திக் கோதுமையும் அந்த ஊற்றும் வேண்டும் என்றான். ரேயுமாவின் அண்ணன் கெமுவேல் அந்த ராஜாவின் படையில் தளபதியாக இருந்தான். மலையில் ஏறும் தடம் தெரிந்தவர்கள் கெமுவேலின் ஊர்க்காரர்கள்தான். அவர்களோ, குவியலில் கல் இருக்கும்வரை வாளோடு தாண்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ராஜாவுக்குப் பயந்தவர்கள்தான், ஆனாலும் தாத்தாக்கள் செய்த சத்தியத்துக்கு அதைவிட அதிகமாகப் பயந்தார்கள்.

ஆகவே கெமுவேல் ஒருநாள் தனியாக மேட்டுக்கு ஏறி வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஹர்தோனிடம் விழுந்து விழுந்து நலம் விசாரித்தான். அப்புறம் விஷயத்துக்கு வந்தான். அந்தச் சத்தியம் அதைச் செய்த இரண்டு கிழவர்களோடு முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். தமஸ்கு கோவிலின் மதிலில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், ஹர்தோனுக்கென்று ஒரு மாடம் கட்டித் தருவார்களாம். வருஷத்துக்கு ஒருமுறை ராஜாவே வந்து அவன் முன்னால் தலை வணங்குவாராம்.

ஹர்தோனுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். இத்தனை காலமாக ராஜாவின் தேரை முறைத்துப் பார்த்தவனுக்கு, ராஜா வந்து வணங்குவதை நினைத்ததும் உடம்பெல்லாம் சூடேறியது.

"அந்த மதில் மேல உட்கார்ந்து நான் எதுக்குச் சாட்சி?" என்று கேட்டான்.

"எதுக்கும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்றான் கெமுவேல்.

"அப்படின்னா இங்கேயே இருக்கேன்" என்றான் ஹர்தோன்.

கெமுவேல் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். போகும்போது கல் எறியவில்லை. ஹர்தோன் அதையும் பார்த்தான்.

தளபதி வந்து போன செய்தி தெற்கே எட்டியதும் ஓதேத்தின் ஆட்கள் கொதித்துப் போனார்கள். ஓதேத் நல்லவன்தான்; ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அவர்கள் தாண்டி வருவதற்குள் நாம் தாண்டிப் போய் அடித்துவிட வேண்டும் என்றார்கள் ஊர்க்காரர்கள். அதற்கு வடக்கத்தியான்தான் முதலில் சத்தியத்தை மீறினான் என்று ஹர்தோன் சொல்ல வேண்டும். ஓதேத் வந்து கேட்டான். சென்ற மாதம் ஒரு அரமேய மேய்ப்பன் இடுப்பில் இரும்போடு தாண்டி வந்தானே, அதைச் சொன்னால் போதும் என்றான். சொன்னால் ஒவ்வொரு அறுவடைத் திருநாளிலும் உன் பெயரைப் பாடுவோம் என்றும் சொல்லிப் பார்த்தான்.

அந்த மேய்ப்பனைப் பார்த்தேன் என்றான் ஹர்தோன். அவன் இடுப்பில் இருந்தது ரொட்டி அறுக்கும் கத்தி, உன் வீட்டில் உட்கார்ந்துதான் ரொட்டி தின்றான், அறுத்துப் போட்டது உன் மனைவி, கேட்டால் இதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்வேன் என்றான். ஓதேத் முகம் சிவந்து திரும்பிப் போனான்.

சாட்சியை வளைக்க முடியவில்லை என்று தெரிந்ததும் இரண்டு பக்கமும் யோசித்தன. கல்லை எடுத்துவிட்டால் சத்தியமே இல்லை, அப்புறம் சாட்சி எதற்கு என்று வடக்கே முடிவு செய்தார்கள். தெற்கேயும் அதே முடிவுதான். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே புத்தி. ஒரே குடும்பத்து ஆட்கள் அல்லவா.

மறுநாள் காலையில் ஓதேத் ஆட்களைத் திரட்டிக்கொண்டிருக்கும்போதே ரேயுமா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தண்ணீருக்குப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் மூச்சு வாங்க மேட்டில் ஏறி நின்றபோது, வடக்குச் சரிவில் அண்ணனின் ஆட்கள் ஈட்டிகளோடு ஏறி வருவது தெரிந்தது. தெற்கே புருஷனின் ஆட்கள் அரிவாளும் கவணுமாக ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

"கல்லை எடுக்க வர்றாங்க, சாட்சிக்காரரே" என்றாள். "எடுத்தாச்சுன்னா இங்கேயே வெட்டிக்குவாங்க. எங்க அண்ணன் விழுந்தாலும் எனக்குப் போச்சு, என் புருஷன் விழுந்தாலும் எனக்குப் போச்சு. யார் ஜெயிச்சாலும் நான்தான் தோத்தவ."

அவள் குனிந்து, குவியலின் இடுக்கில் கையை விட்டு, கறுப்பும் வெளுப்புமான அந்தச் சின்னக் கல்லை எடுத்தாள். எடுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கொண்டுபோய் ஒளித்து வைத்தால் கல் குவியலை விட்டுப் போய்விடும், சத்தியமும் போய்விடும். குவியலுக்குள்ளேயே வேறு இடத்தில் செருகினாலும், வருகிறவர்கள் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துப் பார்க்காமல் விட மாட்டார்கள்.

"இங்கே கொடு" என்றான் ஹர்தோன்.

"எதுக்கு?"

"நான் இந்தக் குவியலை விட்டு இறங்கமாட்டேன். கல் எனக்குள்ள இருந்தா, அது குவியல்லதானே இருக்கு?"

ரேயுமாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் கையை மூடிக்கொண்டாள். இந்தக் கல் அவன் தொண்டைக்குள் போனால் அங்கேயே சிக்கிக்கொள்ளும் என்று பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் குரல் வெளியே வராது. வழிப்போக்கர்கள் சுற்றி வந்து கேட்டுவிட்டுப் போன அந்தக் குரல், அந்த ஒரு சொல், எல்லாம் போய்விடும். அதை அவனிடம் சொன்னாள்.

ஹர்தோன் அவளுடைய மூடிய கையைப் பார்த்தான். அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இந்த உலகத்தில் அவனுக்கென்று இருந்தவை இரண்டே இரண்டு, குரலும் கழுத்தும். அதில் ஒன்றை விட வேண்டியிருந்தது.

"வேற யாராவது பார்த்துக்கட்டும்னு சொல்லிடலாம்" என்றான் கடைசியில். "ஆனா பார்த்தேன்னு சொன்னவன் நான்."

அதுதான் ஹர்தோன் பேசிய கடைசிப் பேச்சு. ரேயுமா கையைத் திறந்தாள். அவன் கல்லை வாயில் வாங்கினான். கல் பெரிது, தொண்டை சின்னது. உள்ளே இறங்கவில்லை. விழுங்க வேண்டுமானால் தலையைக் கீழே தாழ்த்தி, மேலே தூக்கி, மறுபடியும் தாழ்த்தி, தூக்கித் தள்ள வேண்டும். ராஜாவின் தேருக்கு வளையாத கழுத்து. அவன் வளைத்தான். கீழே, மேலே, கீழே, மேலே. ரேயுமாவால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் இத்தனை நாள் தன்னைப் பார்த்தவனை அன்றைக்குத் தான் பார்க்க வேண்டும் என்று நினைத்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கல் தொண்டையில் போய் நின்றது. தொண்டை புடைத்துக்கொண்டது.

இரண்டு கூட்டமும் உச்சிக்கு வந்து சேர்ந்தன. ஒருவரையொருவர் பார்த்ததும் முதலில் திகைத்தார்கள், பிறகு முறைத்தார்கள், பிறகு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் குவியல் மேல் பாய்ந்தன. வடக்கத்தியான் கறுப்புக் கல்லை வடக்கே வீசினான், தெற்கத்தியான் வெள்ளைக் கல்லைத் தெற்கே வீசினான். தாத்தாக்கள் சுமந்து வந்த கற்களைப் பேரன்கள் கலைத்துக்கொண்டிருந்தார்கள். ஹர்தோன் கல்லுக்குக் கல் தாவினானே தவிர இறங்கவில்லை. கடைசியில் அடித்தளத்தில் கிடந்த ஒரு கல் மட்டும் மிஞ்சியது, அதன் மேல் அவன் மிஞ்சினான். சின்னக் கல் கிடைக்கவில்லை.

"கல் இல்லை. சத்தியமும் இல்லை" என்றான் கெமுவேல், வாளை உருவிக்கொண்டு. எதிரே ஓதேத் அரிவாளைத் தூக்கினான். மச்சானும் மச்சானும் அப்படி நின்றார்கள்.

ரேயுமா நடுவில் வந்தாள். அவள் கத்தவில்லை.

"சாட்சியைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள். அப்புறம் ஹர்தோனிடம் திரும்பினாள். "சாட்சிக்காரரே, கல் குவியல்ல இருக்கா?"

எல்லாரும் அந்தக் குரலுக்குக் காத்திருந்தார்கள். குரல் வரவில்லை. ஹர்தோன் தலையைத் தாழ்த்தினான், தூக்கினான், தாழ்த்தினான்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இரண்டு ஊரிலும் அந்தக் கழுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அது வளைந்து யாரும் பார்த்ததில்லை.

"வாளோட தெற்கே தாண்டமாட்டோம்னு எங்க தாத்தா சொன்னாரா?"

ஹர்தோன் வடக்கே திரும்பித் தலையாட்டினான்.

"வாளோட வடக்கே தாண்டமாட்டோம்னு இவங்க தாத்தா சொன்னாரா?"

தெற்கே திரும்பித் தலையாட்டினான். வெயில் அவன் தொண்டையின் மெல்லிய தோலில் விழுந்தபோது உள்ளே இருந்தது தெரிந்தது. ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெளுப்பு. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

கெமுவேலும் பார்த்தான். அவன் ஒரு அடி முன்னால் வந்து, வாளின் நுனியை ஹர்தோனின் தொண்டைக்கு நேராக வைத்தான். ஒரு கீறு கீறினால் போதும், கல் வெளியே வந்துவிடும். ஹர்தோன் ஓடவில்லை. கழுத்தைப் பழையபடி நிமிர்த்தி, தொண்டையை நன்றாகக் காட்டி, ராஜாவின் தேரைப் பார்ப்பது போலவே தளபதியைப் பார்த்தான்.

"அறு, அண்ணா" என்றாள் ரேயுமா. "உள்ளே இருக்கறது நம்ம தாத்தாவோட நாக்குல இருந்த கல்லு. அவரோட எச்சில்தான் உன் வாள்ல ஒட்டும். கழுவிட்டுப் போய் ராஜாகிட்ட காட்டு."

கெமுவேலின் கை அப்படியே நின்றது.

அதற்குள் ஓதேத்தின் ஆட்களில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். ரேயுமா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் சிரிக்கிறீங்க? போன அறுவடையில கூடையை இறக்கும்போது என்ன சொன்னீங்க? அரமேயர் வம்சம்னு பெருமையா சொன்னீங்கல்ல? அந்த அரமேயரோட வம்சம்தான் எதிர்ல நிக்குது. முதல்ல அரிவாளை இறக்குங்க, இல்லேன்னா அடுத்த வருஷம் கூடையைத் தூக்காதீங்க."

ஓதேத் தலையைக் குனிந்துகொண்டான். அரிவாள் கீழே இறங்கியது. வடக்குப் பக்கத்தில், கெமுவேலுக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான சிப்பாய் கேடயத்தைத் தரையில் வைத்தான். கொஞ்ச தூரம் நடந்து போய், தான் வீசிய கறுப்புக் கல்லைத் தேடி எடுத்துவந்து, ஹர்தோன் உட்கார்ந்திருந்த கல்லின் பக்கத்தில் வைத்தான். ஹர்தோன் அவனைப் பார்த்துத் தலையாட்டினான். அந்தக் கிழவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அவசரத்தில் யார் எந்தக் கல்லை எடுத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. வடக்கத்தியான் வெள்ளைக் கல்லைச் சுமந்தான், தெற்கத்தியான் கறுப்புக் கல்லைச் சுமந்தான். ஒவ்வொரு கல்லுக்கும் ஹர்தோன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

எல்லாருக்கும் கடைசியாகக் கெமுவேல் வந்தான். வாளை உறையில் போட்டுவிட்டு ஒரு கல்லை எடுத்தான். ஓதேத் மறு நுனியைப் பிடித்துக்கொண்டான், ஏனென்றால் அது கனமான கல். இரண்டு மச்சான்களும் சேர்ந்து அதை உச்சியில் ஏற்றினார்கள். ஹர்தோன் அதன் மேல் ஏறி உட்கார்ந்தான்.

தமஸ்குவுக்குத் திரும்பிய கெமுவேல், அந்த மேட்டில் படைக்கு வழி இல்லை என்று ராஜாவிடம் சொன்னான். ராஜா அவனுடைய தளபதிப் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டான். அவன் ஊருக்கு வந்து மறுபடியும் ஆடு மேய்த்தான். அதற்காக அவன் வருத்தப்பட்டதை ஊரில் யாரும் பார்க்கவில்லை. கோடையில் மந்தையை ஊற்றுக்கு ஓட்டிவந்து, தங்கையின் பிள்ளைகளுக்கு ஆட்டுப்பால் கறந்து கொடுப்பான்.

அதற்குப் பிறகும் ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். அரமேய ராஜாவும் இஸ்ரவேல் ராஜாவும் வேறு வேறு வழிகளில் படை திரட்டிப் போய் மோதிக்கொண்டார்கள் என்பது ராஜாக்களின் கதை, அதை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். அந்த மேட்டின் வழியாக மட்டும் வாள் தாண்டவில்லை. மணப்பெண்கள் தாண்டினார்கள். அவர்களோடு அரமேயப் பேச்சும் தாண்டியது. தமஸ்குவின் தேர்கள் துருப்பிடித்து மண்ணோடு மண்ணான பிறகு, தெற்கே இஸ்ரவேலரின் வீடுகளில் தாய்மார்கள் அரமேய மொழியில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் படையாலும் பிடிக்க முடியாத ஊர்களை அந்தப் பேச்சு அப்படிப் பிடித்தது. ரேயுமா கடைசிவரை ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அத்திப்பழம் வைத்துவிட்டு அன்றைய சமாசாரங்களைச் சொல்வாள். ஹர்தோன் தலையாட்டுவான். பதில் சொல்லாத ஒருவரிடம் இவ்வளவு பேச முடியுமா என்று மருமகள்கள் கேலி செய்வார்கள். அவர் எல்லாம் சொல்லிவிட்டார், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்பாள் ரேயுமா.

ஹர்தோனின் பிள்ளைகள் பெருகி நாலா திசையிலும் போனார்கள். கல் இருக்கும் இடமெல்லாம் போனார்கள். கல் இல்லாத ஊரில் வேலிமேல் ஏறிக்கொண்டார்கள். தகப்பனின் தொண்டையில் இருந்த கல் பிள்ளைகளின் தொண்டையிலும் புடைப்பாக இறங்கி வந்தது.

அன்று முதல்தான் ஓணான் புடைத்த தொண்டையோடு உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பி, மேலும் கீழுமாகத் தலையாட்டுகிறது. தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது. தங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் கல் எறிகிறார்கள். அது ஓடிவிடாமல் நின்று, கழுத்தை நிமிர்த்தி, வந்து விழும் ஒவ்வொரு கல்லையும் குவியலுக்கு வந்த கல்லாக எண்ணித் தலையாட்டி, குரல் இல்லாமலே பார்த்தேன் என்று சொல்கிறது.